கடல் கேட்

லூயிஸ் சாரைத் திட்ட வாய் வரவில்லையே என்பதுதான் கார்குழலிக்கு முதல் கோபம். மற்ற கோபமெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது, கிண்டியிலும் அம்பத்தூரிலும் விண்ணப்பத்தில் முகவரியாக வியாசர்பாடி என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு மாதிரி இருமிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயின்ட் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்த லூயிஸ் டிராஃப்டிங்கில் மட்டும் எந்த ஏரியா என்று கேட்கவே இல்லை. ராயபுரத்துக்காரரான லூயிஸ் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு வால்வை வரையச் சொன்னார். வரைந்தாள். நாளைக்கே வா என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருடம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறாள்.

அப்போது வேலை என்றால் படம் வரைவதுதான். எண்ணூர் வரைக்கும் கடலோரமாக நீண்டு கிடந்த தொழிற்சாலைகளில் பழைய காகிதப் படங்கள் செல்லரித்துக் கிடந்தன. அவற்றை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தொழிலில் லூயிஸுக்கு ஒரு பெயர் இருந்தது. எவ்வளவு நீளமான இடமானாலும் ஒரே தாளுக்குள் அடக்கிவிடுவார். கடலோரத்து மனைகள் வடக்கு தெற்காகப் பாம்பு மாதிரி கிடக்கும்; தாளோ படுக்கைவாட்டில் இருக்கும். லூயிஸ் படத்தையே கால்வட்டம் திருப்பிப் போடுவார். ரோடு இருக்கும் மேற்குப்பக்கம் தாளின் தலைக்குப் போய்விடும், கடல் காலடிக்கு வந்துவிடும். குழப்பம் வராமல் இருக்க மூலையில் இரண்டு அம்புக்குறி போட்டுவிடுவார்கள். பெரியது ஆலை வடக்கு, அதாவது சும்மா தாளுக்கு மேல்பக்கம். சின்னது நிஜ வடக்கு. படம் பார்க்கத் தெரிந்தவன் முதலில் சின்ன அம்பைத்தான் தேடுவான். கார்குழலி முதல் வாரத்தில் கற்ற பாடம் அது.

பிறகு காலம் ஓடியது. தாளில் இருந்த கட்டடம் திரையில் எழுந்து நின்றது. அதற்குள் நடந்துபோவது மாதிரி படம் ஓட்டிக் காட்டினார்கள். அடுக்குமாடி விற்பவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அதுவும் பழசாகி, கட்டடத்துக்கு உள்ளேயே ஆளை நிறுத்தும் வித்தை வந்தது. லூயிஸ் மாடியின் பின்பக்க ஹாலைக் காலிசெய்து, சுவர் முழுக்கக் கறுப்பு அடித்து, வெளிநாட்டிலிருந்து ஒரு ஹெல்மெட் வரவழைத்தார். அதை மாட்டிக்கொண்டால் கண்ணுக்குள்ளேயே உலகம். தலையைத் திருப்பினால் உலகமும் திரும்பும். கையில் கொடுக்கும் குச்சியின் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம், அழுத்திப் பிடித்தால் ஓடலாம். உள்ளே இருப்பவன் பார்ப்பதை வெளியே இருப்பவர்கள் பெரிய திரையில் பார்க்கலாம். பெயர்ப்பலகை மூன்றாம் முறை மாறியது. லூயிஸ் மெய்நிகர் அனுபவம். கீழே பெயின்ட் கிடங்குக்காரர் அதைப் படித்துவிட்டு, கடவுள் சம்பந்தப்பட்டதா என்று கேட்டார்.

இரண்டாயிரத்து எட்டில் அந்த ஹாலுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எண்ணூர் போகும் வழியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே குளோரின் சிலிண்டர்கள் அடுக்கிய ஒரு கொட்டகை உண்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தால்தான் சரக்கு எடுப்போம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர் பரசுராமன், மைதானத்தில் ஆளை நிறுத்தி விசில் ஊதுவதைவிட இது கௌரவம் என்று லூயிஸிடம் வந்தார்.

கார்குழலிக்கு அந்தத் தொழிற்சாலை வேறு வகையில் தெரியும். அவள் அண்ணன் செங்குட்டுவன் அங்கே கான்டிராக்ட் ஆள். அந்தக் கொட்டகையில் சிலிண்டர் உருட்டுபவன்.

வேலை ஜோராக நடந்தது. ஆரம்ப காலத்தில் லூயிஸே வரைந்த படம்தான் அடிப்படை. அதை வைத்துக் கட்டடங்களைக் கார்குழலி எழுப்பினாள். புகையும் காற்றும் ஜெஸ்வின் பொறுப்பு. அவன் உடன்குடிப் பக்கத்துப் பையன். காலடிப்பேட்டையில் மாமா அய்யாத்துரையின் மளிகைக் கடைக்கு மேலே தங்கியிருந்தான். மாமாவுக்கு அவன் கடையில் உட்கார வேண்டும் என்று ஆசை. இவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தப்பி வந்தவன். யார் சத்தமாகக் கூப்பிட்டாலும் வேலை போய்விட்டதோ என்று எழுந்து நிற்பான். குளோரின் புகையை அவன் பச்சையும் மஞ்சளுமாக, தரையோடு தவழும்படி செய்திருந்தான். பார்த்தாலே தொண்டை கரகரத்தது. லூயிஸ் அதற்கு மேலே போனார். காற்றுக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்தார். நெடிக்கு ஃபேனின் முன்னால் ஒரு தட்டில் பிளீச்சிங் பவுடர். மூச்சுத் திணறும் சத்தத்துக்கு அவரே மைக் முன்னால் இருமினார். முப்பது வருட சிகரெட் அதில் கேட்டது.

வெள்ளோட்டத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து சிலரை அனுப்பினார்கள். அதில் செங்குட்டுவனும் வந்தான். தங்கை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்த பெருமையில் சட்டையை உள்ளே விட்டிருந்தான். ஹெல்மெட்டை மாட்டியதும் அண்ணாந்து பார்த்து, தன்னுடைய கொட்டகையைக் கண்டுபிடித்து, யோவ் நம்ப எடம்யா என்று கத்தினான். சைரன் அடித்தது. வலது பக்கத்திலிருந்து ஃபேன் சுழன்றது. புகை எழுந்து கேன்டீன் பக்கம் தவழ்ந்தது. தரையில் ஒரு வெள்ளை அம்பு மின்னி மெயின் கேட் பக்கம் காட்ட, செங்குட்டுவன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலையும் தூக்கிப் போட்டு ஓடினான். திரையில் தேர்ச்சி என்று விழுந்தது. கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

கார்குழலி தட்டவில்லை. திரையின் ஓரத்தில் கடல் தெரிந்தது. அவளே வைத்த கடல். மணி சாயங்காலம் நாலு என்று காட்டியது. அந்த நேரத்தில் திருவொற்றியூரில் காற்று கடலிலிருந்துதான் வரும். கொடியில் காயும் புடவையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இங்கே புகை கடலை ஒட்டிக்கொண்டு நேராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. கடற்காற்று கடலிலிருந்து வராமல் வடக்கே இருக்கும் எண்ணூரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஜெஸ்வினைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய படத்தை உள்ளே எடுக்கும்போது மூலையில் இருந்த அம்புக்குறியை என்ன செய்தாய் என்று கேட்டாள். அவன் முகம் வெளுத்தது.

"படத்தச் சுத்தம் பண்ணும்போது எழுத்து, அளவு, அம்பு எல்லாத்தையும் அழிச்சிருவோம்லாக்கா. எல்லாப் படத்துக்கும் அப்பிடித்தான பண்ணுதோம்."

அப்படித்தான். அவளும் அப்படித்தான் செய்வாள். முப்பரிமாணத்துக்குப் போகும் படத்தில் எழுத்தும் கோடும் குப்பை. முதல் வேலை அதைக் கூட்டித் தள்ளுவது. அதோடு சின்ன அம்பும் போய்விட்டது. தாளின் தலைப்பக்கத்தை ஜெஸ்வின் வடக்கு என்று எடுத்துக்கொண்டான். கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் என்று கேட்டு, அவனுடைய கிழக்கில் வைத்துவிட்டான். அவனுடைய கிழக்கு நிஜத்தில் வடக்கு. நிஜக் காற்று அடித்தால் புகை கேன்டீனுக்குப் போகாது. நேராக மேற்கே, மெயின் கேட்டுக்குப் போகும். எந்தப் பக்கம் ஓடினால் சாவார்களோ அந்தப் பக்கம் ஓடுவதற்குத்தான் அண்ணனுக்கு இப்போது தேர்ச்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தப்பு நடப்பதுதான். அதில் அவளுக்குக் கோபம் இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே லூயிஸின் அறைக்குப் போனாள்.

"சார், காத்து தப்பா கீது சார்."

லூயிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் குழலி."

போன வாரமே பார்த்துவிட்டாராம். படத்தைத் திருப்பிப் போட்டவர் அவர்தானே, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டதாம். திறப்பு விழா முடியட்டும், அடுத்த வெர்ஷனில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாற்றுவதற்கு ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதுமே சார், இப்போதே உட்கார்ந்து செய்துவிடுகிறேன் என்றாள். லூயிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். காற்றைச் சரியாக வைத்தால் ஆட்கள் ஓட வேண்டியது கடல் பக்கம். கடல் பக்கத்தில் ஒரு சின்ன கேட் உண்டு. அந்த வழியாகச் செம்புக் கம்பி திருட்டுப் போகிறது என்று பரசுராமன் அதைச் சங்கிலி சுற்றிப் பூட்டி, போதாததற்கு வெல்டும் வைத்துவிட்டார். திறக்க மாட்டார். கேட்டைத் திற என்று சொல்லப் போனால் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது போய்விடுவார்.

"அந்த ஆளுக்கும் தெரியுமா சார்?"

"அவருக்குப் புகை மெயின் கேட்டு பக்கம் வராதது புடிச்சிருக்கு. அதுக்கு மேல அவர் கேக்கல. நானும் சொல்லல. இத்தினி பேர் சோறு இதுல கீதும்மா."

"எங்கண்ணன் அதுல கீறான் சார்."

லூயிஸ் அவளை அன்பாகத்தான் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை. "உங்கண்ணனுக்கு நீ வூட்ல சொல்லிக்கோ குழலி. உன்ன யாரு வேணான்னா."

கார்குழலிக்குக் காது இரண்டும் கொதித்தது. மற்றவனுக்கு யார் வீட்டில் சொல்வார்கள்? எல்லார் வீட்டிலும் ஒரு தங்கச்சி படம் வரைகிறாளா? இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. வாய் வரவில்லை. நாளைக்கே வா என்ற பழைய குரல் குறுக்கே நின்றது. சரி சார் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்தாள். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாளியை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். வாளி விரிசல் விட்டது. அடுத்த நாள் அதற்கு ஜெஸ்வினைக் கேட்டார்கள். அவன் தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வியாசர்பாடி வீட்டு வாசலில் செங்குட்டுவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் பார்த்ததைத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தான். பச்சைப் புகை எப்படி வந்தது, தான் எப்படி டபாய்த்துக்கொண்டு ஓடினான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அம்மா ரமாபாய் காய் நறுக்கிக்கொண்டே, சிலிண்டர் உருட்டப் போனவனுக்கு சினிமா வேறு காட்டுகிறார்கள் என்றாள். கார்குழலி செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றாள்.

"காஸ் லீக் ஆவுது. எந்தப் பக்கம் ஓடுவ?"

செங்குட்டுவன் யோசிக்கவே இல்லை. அவன் கை தானாக ரோட்டுப் பக்கம் நீண்டது. வாயால் சொல்லிக் கொடுத்திருந்தால் மறந்துவிடுவான். இதைக் காலுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்களே என்று நினைத்தாள்.

"அந்தப் பக்கம் ஓடாதண்ணா. அது தப்பு. கடல் பக்கம் ஓடணும்."

"இன்னா கொயலி, ஒங்க கம்பேனிலதான் பாஸுன்னாங்கோ. வூட்டுக்கு வந்தா நீ ஃபெயிலுன்ற."

"கம்பேனில தப்பா வச்சிட்டாங்கோ."

"கம்பேனின்றது யாரு? நீதான?" அவன் சிரித்தான். தெருவும் சிரித்தது. அவள் சிரிக்காததைப் பார்த்துத்தான் அவன் குரல் இறங்கியது. "சரி, நீ சொல்ற மாரியே ஓட்றேன். கடல் கேட்டாண்ட போயி இன்னா பண்றது? அது பூட்டிக்கீது."

"தெரியுமா ஒனக்கு?"

"எல்லார்க்கும் தெரியும்."

"தெரிஞ்சிகினேவா சொம்மா கீறீங்கோ? யாரும் கேக்கலியா?"

செங்குட்டுவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டுச் சொன்னான். போன வருடம் ஓர் ஆள் கேட்டிருக்கிறான். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு, உனக்கு எதற்குச் சாவி என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் செம்புக் கம்பி காணாமல் போனபோது முதலில் அவன் பையைத்தான் கொட்டினார்கள். பையில் ஒன்றும் இல்லை. அப்படியும் அவனை நிறுத்திவிட்டார்கள்.

"கேக்கறவன்தான் திருடன்றானுங்கோ. யாரு கேப்பா?"

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்தான் மோசம். அது எல்லார்மேலும் போகிறது. அண்ணன்மேல் வந்தது, வாயை மூடிக்கொண்டிருக்கிறானே என்று. அம்புக்குறியை அழித்த ஜெஸ்வின்மேல் வந்தது. அந்தப் புகையை அழகாக இருக்கிறது என்று தான் பாராட்டியது நினைவுக்கு வந்து தன்மேலேயே வந்தது. ஆனால் எங்கே சுற்றினாலும் கடைசியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தெரியும் குழலி என்று சொன்ன அந்த மனிதரிடமே வந்து நின்றது.

திறப்பு விழா அன்று காலை, வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே கார்குழலி உள்ளே போய்விட்டாள். கறுப்பு ஹாலில் யாரும் இல்லை. ஜெஸ்வினின் கம்ப்யூட்டரைத் திறந்து, காற்று வரும் திசைக்கான எண்ணை மாற்றினாள். அவ்வளவுதான் வேலை. ஓட்டிப் பார்த்தாள். புகை சோம்பலாக எழுந்து, ஒரு நிமிடம் யோசித்த மாதிரி நின்று, பிறகு மெயின் கேட் பக்கம் தவழத் தொடங்கியது. தரையில் மின்னும் வெள்ளை அம்பை அவள் தொடவில்லை. அது பழையபடியே மெயின் கேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பினால் வாசலில் ஜெஸ்வின், கையில் டீ டம்ளரோடு.

"எக்கா, என்ன பண்ணுதிய?"

"பாத்த இல்ல."

"லூயிஸ் சார் கொன்னுருவாருக்கா. எங்க மாமா திரும்பக் கடையில பொட்டலம் மடிக்க உக்கார வச்சிருவாவ."

"நீ ஒண்ணியும் பாக்கல. போயி டீ குடி."

அவன் போகவில்லை. திரையில் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தபடி நின்றான். வேண்டுமானால் அந்த எண்ணை அவன் பழையபடி மாற்றிவிடலாம். அவனைத் தடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. டீயை உறிஞ்சாமலே வெளியே போனான்.

பத்து மணிக்கெல்லாம் ஹால் நிறைந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர், உயரமானவர், தமிழில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பரசுராமன் கறுப்புக் கோட்டில் வந்தார். போட்டோவுக்காகக் கான்டிராக்ட் தொழிலாளிகளையும் அழைத்துவந்து, புதுச் சட்டை மாட்டிவிட்டுப் பின்சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். செங்குட்டுவனும் நின்றான். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறோம் என்று லூயிஸ் பேசினார். காகிதத்திலிருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரிலிருந்து அனுபவம். நன்றாகத்தான் பேசினார். கார்குழலிக்கு ஒரு நொடி மனது இளகக்கூடச் செய்தது. அப்போது அவர், இந்த ஹாலில் கற்றுக்கொண்டவன் உயிர் பிழைப்பான் என்றார். இளகியது கல்லானது.

ஹெல்மெட்டை முதலில் மாட்டப்போவது பரசுராமன். முன்பே இரண்டு தடவை வந்து பழகியிருந்தார். விருந்தாளி முன்னால் தடுமாறக் கூடாதே. பிளீச்சிங் பவுடரைத் தட்டில் கொட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். அப்போதுதான் ஜெஸ்வின் எழுந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வலது பக்கம் நின்ற பெடஸ்டல் ஃபேனைக் கிறீச்கிறீச்சென்று இழுத்துக்கொண்டுபோய்ப் படத்தில் கடல் இருக்கும் பக்கத்தில், பரசுராமனின் முதுகுக்குப் பின்னால், நிறுத்தினான். தட்டையும் எடுத்துப் போய் அதன் முன்னால் வைத்தான். பவுடர் கொஞ்சம் தரையில் சிந்தியது. திரை வெளிச்சத்தில் லூயிஸ் ஃபேன் போவதைப் பார்த்தார். பிறகு கார்குழலியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சைரன் அடித்துவிட்டது.

பரசுராமன் நன்றாகத்தான் ஓடினார். வெள்ளை அம்பு காட்டிய வழியில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, மெயின் கேட்டை நோக்கி. புகையும் அவரோடு ஓடியது. முதலில் காலடியில் வந்தது, பிறகு இடுப்புக்கு ஏறியது. பாதி வழியில் அவர் நின்று, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பினார். திரை முழுக்கப் பச்சை. முதுகுப்பக்கத்திலிருந்து பிளீச்சிங் நெடி அடித்தது. ஒலிபெருக்கியில் லூயிஸின் இருமல் கிளம்பியது. இருமி இருமி, மூச்சு இழுத்து இழுத்து, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோனது. திரை சிவந்தது. பயிற்சியில் தோல்வி, மீண்டும் முயலவும்.

யாரும் கை தட்டவில்லை. பரசுராமன் ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கழற்றினார். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் சரியாகத்தானே போனேன், உங்கள் மெஷினில் ஏதோ கோளாறு என்றார். ஆமாம் சார், ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு என்று லூயிஸ் ஓடினார்.

"கோளாறு இல்ல சார்." கார்குழலியின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "நேத்து வரைக்கும்தான் கோளாறு. இன்னிக்குக் கடக்காத்து கடல்லர்ந்து வருது. அவ்ளோதான்."

"குழலி, வெளிய போ."

"போறேன் சார். தெரியும்னு சொன்னீங்களே, அத்த இவங்களாண்டையும் ஒரு தபா சொல்லிடுங்கோ. போறேன்."

உயரமான வெளிநாட்டுக்காரருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் திரை விளங்கியது. சிவப்பு அடங்கிய திரையில் தொழிற்சாலை அமைதியாக நின்றது. புகை இல்லாத ஒரே மூலையில், கடல் பக்கம், கார்குழலி எழுப்பிய சின்ன இரும்பு கேட். அவர் அதை விரலால் காட்டி, ஏன் அந்த வழியாகப் போகவில்லை என்று பரசுராமனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பரசுராமன், அது பழுதுபார்ப்பில் இருக்கிறது என்றார்.

பின்சுவர் ஓரத்தில் புதுச் சட்டைகள் சலசலத்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கார்குழலிக்குத் தெரிந்த ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது.

"சார், கடல் கேட் சாவி யார்கிட்ட கீது?"

பரசுராமன் விழித்தார். "யாருய்யா அது?"

செங்குட்டுவன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். தூக்கிய கை இறங்கவில்லை. "நான்தான் சார். திருட்றதுக்கு இல்ல. ஓட்றதுக்கு."

வெளிநாட்டுக்காரர், அந்த ஆள் என்ன கேட்கிறான் என்று சுற்றிலும் பார்த்தார். லூயிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரசுராமன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். கடைசியில், ஃபேனுக்குப் பக்கத்தில் நின்ற ஜெஸ்வின், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் அதைச் சொல்லி முடித்தான்.

கார்குழலியின் கணக்கை அன்றைக்கே முடித்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது லூயிஸ் பின்னாலேயே வந்தார். எந்த ஏரியா என்றுகூடக் கேட்காமல் உன்னை உட்காரவைத்தேனே, அதற்கு இதுதானா நன்றி என்றார். இந்தத் தடவை வாய் வந்தது.

"நன்றிக்குத்தான் சார் இத்தினி நாளு படம் வரைஞ்சிகினு இருந்தேன். எங்கண்ணன அதுல சேக்காதீங்கோ."

பெயின்ட் கிடங்குக்காரர் ஷட்டருக்கு வெளியே நின்று, விழா முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

பிறகு ஹாலில் என்ன நடந்தது என்று ஜெஸ்வின் போனில் சொன்னான். அவனுக்கு வேலை போகவில்லை. அந்தப் புகையை ஓட்டத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லையாம். காற்றைத் திரும்ப மாற்றச் சொல்லவில்லை, நீங்கள் வைத்ததுதான் ஓடுகிறது, அம்பை மட்டும் கடல் பக்கம் திருப்பினோம் என்றான். லூயிஸ் சார் உங்களைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை என்றும் சொன்னான். அவரைப் பற்றி நானும் பேசப்போவதில்லை என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் செங்குட்டுவன் வேலை விட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். கடல் கேட்டின் வெல்டை அறுத்துவிட்டார்களாம். சங்கிலி போய்விட்டது, புதுப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள், சாவிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அவசரத்துக்கு உடைக்கவும் என்று சிவப்பில் எழுதி ஜோராக மாட்டியிருக்கிறார்கள் என்றான்.

"எங்க மாட்டிக்கீறாங்கோ?"

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெயின் கேட்டு செக்யூரிட்டி ரூம்ல."

கார்குழலியின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டியில் டங்கென்று விழுந்தது. புகைக்குள்ளேயே ஓடிப்போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு, திரும்பப் புகைக்குள்ளேயே ஓடிவந்து கதவைத் திறக்க வேண்டும். இதை யோசித்து, எழுதி, பெட்டி செய்து, ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். அவளுக்குத் திட்டக்கூட வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்தபோது ரமாபாய் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒனக்கு இன்னாண்ணா சிரிப்பு? பேஜாரா இல்ல ஒனக்கு?"

"இருடி, முழுசா கேளு." செங்குட்டுவன் சோற்றைப் பிசைந்தான். "மத்தியானமே ஒடைச்சிட்டோம். லீக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாங்க பாட்டுக்கு எல்லாரும் சேந்து போயி, கண்ணாடிய ஒடைச்சி, சாவிய எடுத்தாந்து கடல் கேட்டு பூட்டுலயே கட்டி வுட்டுட்டோம். யாரு ஒடைச்சதுன்னு கேட்டாங்கோ. எல்லாருந்தான்னு சொன்னோம்."

"எதால கட்டுனீங்கோ?"

"செம்புக் கம்பி" என்றான் அண்ணன். "அங்கதான் நெறயா கீதே."

கார்குழலி கரண்டியை எடுத்துத் துடைத்தாள். சிரிக்கவில்லை. நாளைக்கும் அந்தச் சாவி அங்கேயே தொங்குகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு, தினமும் பார்த்துவிட்டு வந்து சொல்லு என்றாள். அவன் தட்டில் குழம்பை ஊற்றும்போதும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.